எச்சரிக்கை வரம்பு

ஓயாது இயங்கும் பொறியை ஓயாது பார்த்திருத்தல் மக்கட்கு இயலாததொன்று. ஆகலின், பணி செய்யும் பொறிக்குக் காவலாக மற்றொரு பொறியை நிறுவி, "இன்ன அளவு கடப்பின் எம்மை எழுப்புக" என்று அதற்குக் கட்டளையிட்டுவிட்டுப் பொறியாளர் உறங்கச் செல்கின்றனர். அந்த "இன்ன அளவு" யாது, அதனை வகுப்பது எங்ஙனம், வகுத்தது பிழைபடின் அப்பிழையைத் தேடிக் காண்பது எங்ஙனம் என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருளாம்.

இவ்வளவினை வரம்பு என்னும் சொல்லாற் குறிப்போம். வரம்பு என்பது எல்லைக்கும் பெயர். வயலில் நீரைத் தேக்கும் மண்ணணைக்கும் பெயர். மண்ணணை தாழ்ந்திருப்பின் பயிருக்கு வேண்டிய நீர் வழிந்தோடிவிடும்; மிக உயர்ந்திருப்பின் பெருமழை நாளில் நீர் வடிய வழியின்றிப் பயிர் அழுகும். எவ்வளவு உயரம் நன்று என்பதை அவ்வயலின் மண்ணும், பயிரும், பருவமும் அறிந்த உழவனே சொல்லவல்லன். பிறன் வயலின் அளவைக் கொண்டுவந்து நம் வயலில் இடுதல் பேதைமை. கணிப்பொறியின் வரம்பும் அத்தகையதே.

தமிழ் பயில்வார்க்கு இப்பொருளில் என்ன உரிமை என்று வினவுவாரும் உளராவர். நாம் பயிலும் ஏட்டுச்சுவடிகளின் படங்களும், நூற்பட்டியல்களும், அகராதிகளும் இந்நாளில் சர்வர் எனப்படும் கணிப்பொறிகளிலேயே உறைகின்றன. அவை ஓர் இரவு கெட்டொழியின் இழப்பு நமக்கே. அன்றியும், வரம்பு என்பது ஒரு மனிதன் எழுத, ஒரு பொறி படிக்கும் வாக்கியமேயாகும். வாக்கியம் எழுதியவன் கருதியதொன்று, படித்தது கொண்ட பொருள் மற்றொன்று என்னும் குழப்பம் நம் துறைக்குப் புதிதன்று.

பிழைபட்ட வரம்பு இருவகையால் தீங்கு செய்யும். வேண்டாதபோது கூவுதல் ஒன்று. வேண்டியபோது கூவாதிருத்தல் மற்றொன்று. முன்னையது வெறுந் தொல்லை, பின்னையதே பெருங்கேடு எனப் பலர் எண்ணுவர். நாம் அங்ஙனம் எண்ணவில்லை. "புலி வருகிறது" என்று விளையாட்டாகக் கூவிய இடையச் சிறுவன் கதையைச் சிறு பருவத்தில் கேளாதார் யார்? வேண்டாத கூவலே நாளடைவில் கூவாமைக்கு ஒப்பாகி விடுகின்றது. கேட்பவன் செவி அடைத்துப் போகின்றது.

இதற்குச் சான்றாக வேல்ஸ் நாட்டு நிகழ்ச்சி ஒன்றினைச் சற்று விரித்துரைப்போம். 1994-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மில்ஃபர்ட் ஹேவன் என்னும் ஊரை அடுத்த டெக்ஸகோ நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில் காலைப்பொழுதில் இடிமின்னலால் பொறிகள் நிலைகுலைந்தன. அவற்றைச் சீராக்கப் பணியாளர் முயன்று கொண்டிருக்கையில், ஒரு கலத்திலிருந்து திரவம் வெளியேறும் அடைப்பிதழ் உண்மையில் மூடியிருக்க, திரையிலோ அது திறந்திருப்பதாகக் காட்டப்பட்டது. உட்புகும் திரவம் புகுந்துகொண்டேயிருந்தது, வெளியேற வழியில்லை. சில மணி நேரம் கழிந்தபின், நண்பகல் கடந்த பொழுதில், குழாயொன்று உடைந்து ஏறத்தாழ 20 டன் எரிபொருள் வெளிப்பட்டு வெடித்தது. 26 பேர் காயமுற்றனர். விடுமுறை நாளாதலின் உயிர்ச்சேதமின்றித் தப்பினர். பின்னர் அரசினர் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை கூறும் செய்தியே நமக்கு வேண்டுவது: வெடிப்பதற்கு முந்திய 11 நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையிலிருந்த இருவர்முன் 275 எச்சரிக்கைகள் ஒலித்தன. நிமிடத்திற்கு 25, ஏறத்தாழ இரண்டரை விநாடிக்கு ஒன்று. ஒன்றைப் படித்து முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். கேட்டைத் தடுத்திருக்கக்கூடிய செய்தியும் அக்கூட்டத்துள் இருந்தது. ஆயினும் அது மற்றவற்றினின்று வேறுபட்டுத் தோன்றவில்லை. 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்திலும் முதற் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றால் பாடங்கற்ற பிரிட்டானியப் பொறியாளர் 1999-இல் ஒரு நெறிநூல் வகுத்து, ஒருவர்க்கு இயல்பான வேளையில் பத்து நிமிடத்திற்கு ஒன்றினும் குறைவாகவே எச்சரிக்கை வருதல் தகும் என வரையறுத்தனர்.

சர்வர்களைக் காப்போர்க்கு இவ்வளவு பெரிய வெடிப்பு நேர்வதில்லை. ஆயின் கூவல் பெருகும் தொல்லை அவர்க்கும் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். ஐம்பது சர்வர்கள் உள. ஒவ்வொன்றிலும் இருபது அளவுகளைக் காவற்பொறி நிமிடத்திற்கு ஒருமுறை சோதிக்கின்றது எனக் கொள்வோம். ஒரு நாளைக்கு 14,40,000 சோதனைகள் ஆகின்றன. பதினாயிரத்தில் ஒரு சோதனையே பொய்யாகக் கூவும் என்றாலும், நாளொன்றுக்கு 144 பொய்க் கூவல்கள் எழும். பத்து நிமிடத்திற்கு ஒன்று! பதினாயிரத்தில் ஒன்று என்பது எவ்வளவு சிறந்த தேர்ச்சி! பரீட்சையில் நம்முள் எவர்க்கும் அது கைகூடாது. அத்தகைய தேர்ச்சியும் ஈண்டுப் போதாது.

எம் தமையனார் ஒருவர் நிறுவனமொன்றில் இரவுக் காவற்பணி செய்தவர். ஆங்கு நாள்தோறும் இரவு இரண்டு மணிக்குத் தரவுகளைப் படியெடுத்து வைக்கும் வேலை நிகழும். அவ்வேளையில் பொறியின் சுமை ஏறும், வரம்பைக் கடக்கும், தொலைபேசி அலறும். அரைமணியில் தானே தணியும். செய்யக்கூடியது யாதுமில்லை. பத்துப் பதினைந்து நாள் எழுந்தெழுந்து பார்த்த பணியாளர், பின்னர் அவ்வோசையை அடக்கி வைத்தலாயினர். ஒருநாள் அதே இரண்டு மணிக்கு வட்டு ஒன்று மெய்யாகவே பழுதுபட்டது. விடியும்வரை ஒருவரும் அறிந்திலர். விடிந்தபின் "நீவிர் ஏன் எழவில்லை?" என்று வினவியவர்களுள் "நாள்தோறும் ஏன் எழுப்பினோம்?" என்று வினவியவர் ஒருவருமிலர் என்று தமையனார் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

இனி, பிழைபட்ட வரம்பைத் திருத்தப் புகுவார் செய்யத்தக்கது யாது? எண்ணைக் கூட்டுவதும் குறைப்பதுமே வழி எனப் பலர் கருதுவர். நூற்றுக்கு 80-இல் கூவியது தொல்லையாயிருப்பின் 90 ஆக்குவர். அதுவும் தொல்லையாயின் 95. இது நோயறியாது மருந்தளவை மாற்றுவது போலும். முதற்கண் வினவத்தக்கது, "இவ்வெண் எதனை அளக்கின்றது?" என்பதே.

லினக்ஸ் பொறிகளில் சுமைச் சராசரி என்று ஓரளவை உண்டு. கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கென மூன்று எண்களாக அது காட்டப்படும். இயங்கிக் கொண்டும் இயங்கக் காத்துக் கொண்டும் உள்ள வேலைகளின் தொகையை அது குறிக்கும். 4 என்று காட்டினால் அது மிகுதியா, குறைவா? செயலகம் ஒன்றே உடைய பொறிக்கு அது மிகுதி. நான்குடைய பொறிக்கு அளவானது. முப்பத்திரண்டு உடையதற்கு அது சோம்பலேயாம். நாகியோஸ் என்னும் புகழ்பெற்ற காவல் மென்பொருள், 1999-இல் வேறு பெயரோடு தோன்றி 2002 முதல் இப்பெயரால் வழங்குவது. அதனோடு மாதிரியாகத் தரப்படும் அமைப்பில், இம்மூன்று எண்களுக்கும் முறையே 5, 4, 3 முதல் எச்சரிக்கைக்கும், 10, 6, 4 பேரெச்சரிக்கைக்கும் வரம்பாகக் குறிக்கப்பட்டுள. மாதிரியென்று தந்ததை மாற்றாது வைத்துக்கொண்டு, பெரிய பொறி ஓயாது கூவுகின்றதே என வருந்துவார் பலர். மேலும், வட்டின் விடைக்காகக் காத்து உறங்கும் வேலைகளையும் லினக்ஸ் இத்தொகையுள் கூட்டுகின்றது. ஆகலின் செயலகம் ஓய்ந்திருக்கையிலும் வட்டு நலிந்தால் சுமை ஏறும். இதனை அறியாதார் செயலகத்தை ஐயுற்று நெடும்பொழுது வீணாக்குவர்.

நினைவகத்தின் கதை இன்னும் நகைப்பிற்குரியது. காலியாகக் கிடக்கும் நினைவகத்தை வீணென்று கருதி, அண்மையிற் படித்த கோப்புகளின் படிகளால் லினக்ஸ் அதனை நிரப்பி வைக்கும். வேறு வேலைக்குத் தேவைப்படின் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே நலமுள்ள பொறியில் காலி நினைவகம் எப்போதும் மிகச் சிறிதாகவே தோன்றும். "காலியிடம் குறைந்தால் கூவுக" என்று வரம்பிட்டார்க்கு என்றும் கூவலே. கொடுக்கத்தக்க நினைவகம் எவ்வளவு என்று தனியே மதிப்பிட்டுக் காட்டும் எண்ணொன்று 2014-இல் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. அதனை அளப்பதே முறை.

வட்டினிடத்து விழுக்காட்டால் வரம்பிடுதல் பெருவழக்கு. நூற்றுக்குப் பத்துக் காலி என்பது 20 ஜிபி வட்டில் 2 ஜிபி. 4,000 ஜிபி வட்டில் 400 ஜிபி. மணிக்கு 1 ஜிபி வீதம் பதிவேடுகள் பெருகுமாயின், முன்னதற்கு இரண்டு மணி நேரமே அவகாசம். பின்னதற்குப் பதினாறு நாளுக்கு மேல். இரண்டிற்கும் ஒரே வரம்பு எங்ஙனம் பொருந்தும்? நாம் அறியவேண்டுவது "எவ்வளவு நிரம்பிற்று?" என்பதன்று, "எப்போது நிரம்பும்?" என்பது. புரொமீத்தியஸ் என்னும் மென்பொருள், 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பெற்றது, கடந்த சில மணி நேரத்தின் போக்கை நேர்கோடாக நீட்டி, இன்னும் சில மணியில் எங்கு நிற்கும் என்று கணித்துக் கூறவல்லது. விரைந்து நிரம்பும் சிறு வட்டிற்கு அது முற்படக் கூவும். மெல்ல நிரம்பும் பெரு வட்டிற்கு உறக்கத்தைக் கெடாது. இன்னுமொன்று: வட்டில் இடம் பாதி இருந்தும் புதிய கோப்பு எழுத இயலாமற் போவதுண்டு. ஒவ்வொரு கோப்பிற்கும் ஐநோடு எனப்படும் பதிவிடம் ஒன்று வேண்டும். சிறு கோப்புகள் இலக்கக் கணக்கிற் பெருகின் இடம் தீருமுன் பதிவிடம் தீரும். சுவடிப் படங்களுக்குச் சிறு உருப்படிகள் எண்ணிறந்தன எடுத்து வைக்கும் நூலகச் சர்வர்க்கு இது நேர்தற்குரிய நோய். இதற்கென வேறு வரம்பு வேண்டும்.

அளவு சரியாயின், அடுத்து வினவத்தக்கது காலம். ஒரு கணம் வரம்பைக் கடந்து மறுகணம் தணிவதற்கு ஒருவரை எழுப்புதல் முறையன்று. நாகியோஸ் முதன்முறை தவறு கண்டவுடன் அதனை மென்னிலை என்று குறித்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் சோதித்து, குறித்த தடவையும் தவறினாலே வன்னிலை எனத் தெளிந்து கூவும். ஐந்து நிமிடத்திற்கொரு சோதனை, தவறு கண்டபின் நிமிடத்திற்கொன்று, மூன்றாம் முறை கூவல் என அமைத்தால், கேடு நேர்ந்து கூவுவதற்கு ஏழு நிமிடம் வரை ஆகலாம். பொய்யைக் குறைப்பதற்குக் கொடுத்த விலை அவ்வேழு நிமிடம். நூற்பட்டியலைக் காட்டும் பணிக்கு அது சிறிய விலை. மருத்துவமனை நோயாளர் பதிவேட்டிற்குப் பெரிய விலை. இதனை முடிவு செய்யவேண்டியவர் பொறியாளர் மட்டுமல்லர். அப்பணியை நம்பி வாழ்வோரும் ஆவர்.

புரொமீத்தியஸில் "இத்தனை நிமிடம் தொடர்ந்து கடந்திருப்பின்" என்று நிபந்தனையிடலாம். ஈண்டு "தொடர்ந்து" என்னும் சொல்லை உற்று நோக்கவேண்டும். இடையே ஒரேயொரு சோதனையில் அளவு தாழ்ந்துவிடின், காத்திருந்த காலம் முழுதும் அழிந்து மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். நான்கு நிமிடம் கெட்டு, ஒரு நிமிடம் தேறி, மீண்டும் நான்கு நிமிடம் கெடும் பணிக்கு ஐந்து நிமிட நிபந்தனை இட்டிருப்பின், நாள் முழுதும் கெட்டாலும் கூவலே எழாது. "வரைபடத்தில் இவ்வளவு முள் தெரிகிறதே, எச்சரிக்கை ஏன் வரவில்லை?" என்று திகைப்பார்க்கு விடை பெரும்பாலும் இதுவே. கடந்த பத்து நிமிடத்தின் சராசரியை எடுத்து அதற்கு வரம்பிடின் இக்குறை நீங்கும்.

வரம்பின்மீதே நின்று ஊசலாடும் அளவு மற்றொரு தொல்லை. 89, 91, 89, 91 என அளவு அலையுமாயின் "கெட்டது", "தேறியது", "கெட்டது", "தேறியது" என்று ஓலை மேல் ஓலை வந்துகொண்டேயிருக்கும். இதற்கு மருந்தை மின்னியலார் முன்னரே கண்டனர். ஆட்டோ ஷ்மிட் என்னும் அமெரிக்க அறிஞர் 1934-இல் மாணவராயிருந்தபோது எண்ணி 1938-இல் வெளியிட்ட மின்சுற்றில் வரம்பு ஒன்றன்று, இரண்டு. மேல்வரம்பைக் கடந்தால் நிலை மாறும். கீழ்வரம்பிற்குக் கீழ் இறங்கினாலன்றிப் பழைய நிலைக்கு மீளாது. 90-இல் கூவி 80-இல் அடங்குக என்றால் ஊசலாட்டம் ஒழிந்தது. நாகியோஸ் செய்வது வேறு வழி: கடைசி 21 சோதனைகளை நினைவில் வைத்து, அவற்றிடையே நிகழக்கூடிய 20 மாற்றங்களுள் எத்தனை நிகழ்ந்தன, அவற்றுள் அண்மையன எவை என்று நிறுத்துப் பார்த்து, அலைச்சல் மிகுமாயின் "இஃது அலைகின்றது" என்று ஒருமுறை சொல்லிவிட்டு வாய்மூடும். இரண்டனுள் முன்னதே சிறந்ததென்பது நம் கருத்து. பின்னது நோயை அன்றிப் புலம்பலையே அடக்குகின்றது.

வரம்பைக் கண்மதிப்பால் இடாது கணக்கால் இட விரும்புவார் உண்டு. வால்ட்டர் ஷூஹார்ட் என்பார் 1924-ஆம் ஆண்டு மேத் திங்களில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலையின் பொருட்டுத் தம் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடத்தை முதன்முதல் அமைத்துக் காட்டினார். இயல்பான அலைவின் திட்டவிலக்கம் எவ்வளவோ அதனை மும்மடங்காக்கிச் சராசரிக்கு இருபுறமும் வரம்பாக வைப்பது அவர் முறை. நாளுக்குச் சில முறை அளக்கும் ஆலைக்கு அது மிகப் பொருந்தியது. ஆயின் இயல்பான பரவலில் யாதொரு கேடுமின்றியே 370-க்கு ஒருமுறை அளவு அவ்வரம்பைக் கடக்கும். நிமிடத்திற்கு ஒருமுறை அளக்கும் பொறியில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு பொய்க்கூவல். அதுவும் ஓர் அளவைக்கு மட்டும். அன்றியும், சர்வரின் சுமை பகலில் ஏறி இரவில் இறங்குவது. பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் மலைபோல் எழுவது. அதற்கு இயல்பான பரவல் என்பதே பொருந்தாது.

சராசரியை நம்புதலும் இடரே. நூறு பேர் நூலகத் தளத்தை நாடினர். 99 பேர்க்கு 50 மில்லிவிநாடியில் விடை கிடைத்தது. ஒருவர் 5 விநாடி காத்திருந்தார். சராசரி 99.5 மில்லிவிநாடி. மிக நன்று என்று வரம்பு கூறும். காத்திருந்தவரைக் கேட்பாரில்லை. ஆகவே நூற்றுவருள் தொண்ணூற்றொன்பதாமவர் எவ்வளவு காத்தார் என்னும் அளவிற்கு வரம்பிடுவர் அறிந்தோர். செயலகம், நினைவகம், வட்டு என்னும் உள்ளுறுப்புகளின் வெப்பத்தையே பார்த்திராது, வெளியிலிருந்து வரும் ஒருவர்க்கு விடை கிடைத்ததா, எவ்வளவு விரைவில், எத்தனை பேர்க்குத் தவறிற்று என்பவற்றைப் பார்த்தல் வேண்டும் என்று கூகிள் பொறியாளர் 2016-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினர். ஆயிரத்திற்கு 999 பங்கு நலம் என்று உறுதிகூறிய பணிக்கு, முப்பது நாளில் 43.2 நிமிடம் கெடுதல் பொறுக்கப்படும். அப்பொறுதியை எவ்வளவு விரைவாகச் செலவிடுகின்றோம் என்பதே எழுப்பத்தக்க கேள்வி. ஒரு மணியில் நூற்றுக்கு இரண்டு பங்கு செலவாயின் உடனே எழுப்புக; மெல்லக் கரையுமாயின் காலையிற் பார்க்கலாம். எம் தமையனாரின் இரண்டு மணிக் கூவலுக்கு இம்முறை இருந்திருப்பின், படியெடுக்கும் வேலையால் சுமை ஏறியதற்கு ஒருவரும் எழுந்திரார். வட்டுக் கெட்டு விடைகள் தவறத் தொடங்கியபோது எழுந்திருப்பர்.

இதுகாறும் வேண்டாது கூவுவதைப் பற்றியே பேசினோம். கூவாதிருக்கும் வரம்பைக் கண்டுபிடித்தல் இதனினும் அரிது; ஊமையின் நோயை யார் அறிவார்? அவற்றுட் சில தமிழ் மாணாக்கர்க்கு மிக இனியன.

நாகியோஸின் வரம்புகள் ஒரு சிறு இலக்கணத்தால் எழுதப்படுவன. வெறுமனே 1 என்று எழுதின், "0 முதல் 1 வரை நலம், அதற்குப் புறம்பாயின் கூவுக" என்று பொருள். ஒன்றின்பின் முக்காற்புள்ளி இட்டு எழுதின், "1-உம் அதற்கு மேலும் நலம்; குறையின் கூவுக" என்று பொருள். பணியின் செயல்முறைகள் எத்தனை ஓடுகின்றன என்று எண்ணும் சோதனைக்கு வேண்டுவது பின்னது. முக்காற்புள்ளியை மறந்துவிடின் விளைவு யாது? ஐந்து செயல்முறைகள் நலமாய் ஓடும்போது "கேடு, கேடு" என்று கூவும். அனைத்தும் மடிந்து எண்ணிக்கை பூச்சியமாகும்போது "நலம்" என்று சொல்லி அமைதியாயிருக்கும். ஒரு முக்காற்புள்ளியின் உண்மையும் இன்மையும் உயிரையும் சாவையும் இடம் மாற்றிவிடுகின்றன. குறியீடுகளைப் பொருட்படுத்தாத நம் வகுப்புத் தோழர் சிலர்க்கு இதனை நாம் அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு.

அலகு மாறுதலும் இத்தகையதே. ஓரளவை 0 முதல் 1 வரை பின்னமாகத் தரப்படுகின்றது. வரம்பிட்டவர் விழுக்காடெனக் கருதி "90-க்கு மேற்படின்" என்று எழுதிவிட்டார். அவ்வளவை ஊழிக்காலம் காத்திருந்தாலும் 90-ஐ எட்டாது. விநாடியில் வருவதை மில்லிவிநாடி எனக் கொண்டார்க்கும் இதுவே கதி. புரொமீத்தியஸில் வேகம் கணக்கிடுதற்குக் குறித்த கால இடைவெளியுள் இரண்டு அளவுகளேனும் இருத்தல் வேண்டும். நிமிடத்திற்கு ஒருமுறை அளந்துகொண்டு ஒரு நிமிட இடைவெளியில் வேகம் கேட்டால், பெரும்பாலும் விடையே வராது. விடை வராத இடத்தில் வரம்பு கடக்கப்படுவதுமில்லை, எச்சரிக்கையும் இல்லை. பொறியே மின்னின்றி அணைந்து அளவு ஒன்றும் அனுப்பாதிருப்பினும் இஃதே நிகழும். "சுமை 90-க்கு மேல்" என்னும் வரம்பின் கண்ணுக்கு, சுமை 20 உள்ள பொறியும் செத்த பொறியும் ஒன்றே. ஆகலின் "அளவு வரவில்லையாயின் கூவுக" என்று வேறொரு வாக்கியம் எழுதி வைத்தல் இன்றியமையாதது.

இனி, இறந்து இறந்து பிறக்கும் பணிகள் உள. லினக்ஸில் 2010-ஆம் ஆண்டு தோன்றிப் பரவிய சிஸ்டம்டி என்னும் மேற்பார்வை மென்பொருள், பணியொன்று விழுந்தால் தானே எழுப்பிவிடும்படி அமைக்கத்தக்கது. இயல்பான அமைப்பில், பத்து விநாடியுள் ஐந்து முறைக்கு மேல் எழுப்பவேண்டின் அது கைவிட்டுவிடும். பணி இருபது விநாடிக்கொருமுறை விழுந்துகொண்டிருப்பின் அவ்வெல்லை எட்டப்படாது, எழுப்புதல் தொடரும். நிமிடத்திற்கொருமுறை வந்து "இயங்குகின்றாயா?" என்று வினவும் காவற்பொறிக்குப் பெரும்பாலும் "இயங்குகின்றேன்" என்னும் விடையே கிடைக்கும். இடையிலே எத்தனை வாசகர் பக்கம் திறவாது திரும்பினர் என்பது அதன் கணக்கில் இல்லை. எத்தனை முறை எழுப்பப்பட்டது என்னும் எண்ணிக்கைக்கு வரம்பிடின் அன்றி இந்நோய் வெளிப்படாது.

ஒன்றால் பல கெடும் இடங்களைச் சுருங்கச் சொல்வோம். வழியில் உள்ள ரூட்டர் ஒன்று கெட்டால் அதற்கப்பால் உள்ள ஐம்பது சர்வர்களும் கெட்டனவாகத் தோன்றி ஐம்பது கூவல் எழும். எதன்பின் எது உள்ளது என்று காவற்பொறிக்கு முன்னரே சொல்லி வைத்தால், முன்னது கெட்டபோது பின்னவற்றின் கூவலை அது தானே அடக்கிக்கொள்ளும். இம்முறை நாகியோஸிலும் உண்டு, புரொமீத்தியஸிலும் உண்டு.

இத்தனையும் திருத்தியபின் வரம்பு சரியா என்பதை அறிவது எங்ஙனம்? பரீட்சையால்தான். பணியை ஒருநாள் பகலில், யாவர்க்கும் அறிவித்துவிட்டு, வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தல் வேண்டும். குறித்த நிமிடத்துள் குறித்தவரிடம் கூவல் சென்றதா? அவர் படித்தவுடன் யாது செய்யவேண்டும் என்பது அதிலேயே எழுதியிருந்ததா? பணியை மீண்டும் தொடங்கியபோது கூவல் அடங்கிற்றா? வட்டில் பெரியதொரு வெறுங்கோப்பை எழுதி இடத்தைக் குறைத்துப் பார்க்கலாம். முன்னரே சேமித்து வைத்த கடந்த மாத அளவுகளின்மேல் புதிய வரம்பை ஓட்டி, அம்மாதத்தில் எத்தனை முறை கூவியிருக்கும், அவற்றுள் எத்தனை மெய் என்று எண்ணியும் பார்க்கலாம். நல்ல பொறியாளர் ஒவ்வொரு கூவலையும் மறுநாள் எடுத்து, "இதற்காக யான் யாது செய்தேன்?" என்று வினவி, யாதும் செய்யவில்லை என்பது விடையாயின் அவ்வரம்பைத் திருத்துவர் அல்லது நீக்குவர்.

காவற்பொறியே மடிந்துவிடின் கூவுவார் யார் என்னும் ஐயம் எஞ்சி நிற்கின்றது. இதற்கு ஓர் அழகிய உபாயம் கண்டிருக்கின்றனர். எப்போதும் கூவிக்கொண்டேயிருக்கும் எச்சரிக்கை ஒன்றை வேண்டுமென்றே எழுதி, அதனை வேறோரிடத்திலுள்ள பொறிக்கு அனுப்புவர். அப்பொறி, கூவல் வந்துகொண்டிருக்கும்வரை வாளா இருக்கும். அது நின்றுவிட்டால் அந்நொடியே ஆளை எழுப்பும். அவ்வேறு பொறியும் இதே கட்டடத்தில், இதே மின்கம்பியில் இருப்பின் பயனில்லை.